சத்தம் போடாத வண்டி

டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் நச்சரிக்க ஆரம்பித்தபோது, வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அப்படித்தான். இட்லியா தோசையா என்றால் "சரி" என்பேன். மோட்டார் ஓடவில்லை, ஆளைக் கூப்பிடட்டுமா என்றால் அதற்கும் "சரி." துவாக்குடியில் இருக்கும் என் சின்ன பட்டறையில் ஒருநாள் வெல்டர் ஒருவர் வந்து, நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்றார். "சரிங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சண்டை போட ஆள் கிடைக்காத ஏமாற்றத்தில் மறுபடியும் வேலைக்கே போய்விட்டார்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் மரத்துப்போய், பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், வார்த்தைதான் வராது. வருவதும் மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொன்றாக வரும். அவளுக்கு மரத்தது வலது பக்கம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு எங்கே மரத்தது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன் ரூமில் ஜன்னலோரம் கட்டில் போட்டபோதும் அழவில்லை. "தைரியமான மனுஷன்பா" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது.

ஒரே ஆறுதல், அவளும் அழவில்லை என்பதுதான். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து முன் ரூமில் நுழைந்தால், அசைகிற பாதி வாயால் சிரித்து, "வந்...தாச்சா" என்பாள். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பளிச்சென்று இருப்பாள். படுத்துக் கிடக்கிறவளே தேறிவிட்டாள், நடமாடுகிற நமக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு, கை கால் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

பிரச்சினை வண்டியின் உயரம்தான். காடு மேடெல்லாம் போகவேண்டும் என்று ஆசை ஆசையாக நான் வாங்கிய எஸ்யூவி அது. பிசியோதெரபிக்காக அவளை அதில்தான் புத்தூருக்குக் கூட்டிப்போவோம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் முதலில் உள்ளே ஏறி, அக்குளில் கை கொடுத்து இழுப்பாள். நான் கீழே நின்று இடுப்பைப் பிடித்துத் தள்ளுவேன். புடவை ஏறும், இறங்கும். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஊசி குத்தி மடிப்பு கலையாமல் போய் வந்தவள் அவள். கண்ணை இறுக மூடிக்கொள்வாள், காவிரிப் பாலம் தாண்டுகிறவரைக்கும் திறக்கமாட்டாள். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் தூக்கிப் போடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிற்கும்போது டீசல் வாடை குமட்டி, பல நாள் வாந்தி எடுத்துவிடுவாள்.

"அப்பா, ப்ளக்-இன் ஹைபிரிட்னு ஒரு வண்டி. யூஸ்டுதான், ஆனா நல்ல கண்டிஷன்" என்றான் மகன். "வீட்டு ப்ளக்லயே சார்ஜ் போட்டுக்கலாம். ஊருக்குள்ள கரண்ட்ல ஓடும். தூரம் போனா பெட்ரோல். ஆட்டமும் இருக்காது, வாடையும் இருக்காது. பட்டனைத் தட்டினா வண்டியே கீழ இறங்கும்பா. அம்மா அப்படியே நகந்து உட்காந்துக்கலாம்."

"சரி."

"என்ன சரி? வாங்கலாமா வேணாமா?"

"நீ சொன்னா சரிதான் தம்பி."

"ஐயோ அப்பா! உங்ககிட்ட பேசறதும் ஒண்ணு, செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும், அம்மா அப்படியே நகர்ந்து உட்காரலாம் என்றானே, அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு வண்டியில் போகவேண்டும் என்று இருந்தது.

வண்டி வந்தது. கொண்டுவந்த புரோக்கர், "ரெண்டு நாள் வெச்சு ஓட்டிப் பாருங்க சார். பிடிச்சுதுன்னா உங்க வண்டியை எடுத்துக்கிட்டு இதை விட்டுட்டுப் போறேன்" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டு, பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வாஷிங் மிஷின் ப்ளக்கிலிருந்து ஒயரை இழுத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டு சார்ஜ் போட்டேன். "என்ன சார், செல்போனுக்குப் போடற மாதிரி போடறீங்க" என்று மனைவியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் சிரித்தாள். அதோடு விட்டாளா? வாங்கப்போகிறோமா இல்லையா என்பதே தெரியாத வண்டிக்கு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். ரெண்டு நாள் ஓடினாலும் இந்த வாசலுக்குப் புது வண்டிதானாம். அதற்கும் சரி என்று பழத்தை நசுக்கிக்கொண்டு ஓட்டினேன்.

பட்டனைத் தட்டியதும் வண்டி உண்மையாகவே தணிந்தது. மனைவியை இழுக்கவில்லை, தள்ளவில்லை. கைத்தாங்கலாக நிறுத்தி, திருப்பி உட்காரவைத்து, காலை எடுத்து உள்ளே வைத்தோம். அவ்வளவுதான். பாலத்தில் போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமட்டலும் இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது, "சத்தமே... இல்ல" என்றாள். பாராட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். வாங்கிவிடலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவனால் நம்பவே முடியவில்லை.

மறுநாள் அந்த வண்டியில்தான் பட்டறைக்குப் போனேன். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குத்தான் திரும்பினேன். பால்பண்ணை, திருவானைக்காவல் தாண்டி எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வண்டி கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி. அகலமான வண்டி, உள்ளே விட்டால் சுவரில் உரசும் என்று பயந்து வெளியிலேயே நிறுத்தினேன். கேட் திறந்து கிடந்தது. செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியாகத் தற்செயலாக உள்ளே பார்த்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். லேசாகக் கண் கலங்கி அல்ல. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள, அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்க, எச்சில் வழிய அழுதாள். நல்ல கை கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண். அவள் பதறவில்லை, சமாதானம் சொல்லவில்லை. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காய்ந்த துணிகளைச் சாவகாசமாக மடித்துக்கொண்டிருந்தாள். தினமும் நடப்பது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

அந்தப் பெண் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்துவிட்டாள். சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, திருட்டுப் பூனை மாதிரி வெளியே வந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். கதவை அறைந்து சாத்தினேன், கேட்டை இடித்தேன், இல்லாத இருமலை இருமினேன். உள்ளே நுழைந்தபோது முகம் துடைத்து, பவுடர் போட்டு, அவள் பளிச்சென்று இருந்தாள். "வந்...தாச்சா" என்று சிரித்தாள்.

"பால்பண்ணைகிட்ட ஒரே டிராஃபிக்" என்றேன்.

வீட்டுக்குக் கிளம்பிய அந்தப் பெண்ணைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் கேட்டேன். "தினமுமாம்மா?"

"மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சிடுவாங்க சார். அழுதா பாரம் குறையும்னு நானும் விட்டுடுவேன். தெருமுனையில உங்க வண்டி சத்தம் கேட்டதுமே துண்டைக் காட்டுவாங்க. எனக்குக்கூட கேட்காது சார், அவங்களுக்குக் கேட்டுடும். நீங்க ரிவர்ஸ் எடுத்து, கேட்டைப் பூட்டிட்டு வரதுக்குள்ள தொடைச்சு, தலை வாரி விட்டுடணும். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

மனைவிக்கு முன்பிருந்தே அந்தக் காது உண்டு. நன்றாக இருந்த காலத்தில், என் வண்டி தெருவுக்குள் திரும்பும் சத்தத்துக்குத்தான் அடுப்பில் பால் வைப்பாள். நான் வீட்டை ஒட்டிய சந்தில் முன்னும் பின்னுமாக ரிவர்ஸ் எடுத்து, பூட்டி, உள்ளே வந்தால் டபராவில் காபி ஆறிக்கொண்டிருக்கும். கைகால் விழுந்த பிறகும் அந்த நேரத்தை அவள் விடவில்லை, காபிக்குப் பதில் முகத்தைத் தயார் செய்திருக்கிறாள். இரண்டு வருஷமாக எனக்குக் கிடைத்த ஆறுதல் அப்படித் தயாரானதுதான். நான் பாட்டுக்குக் கல்லாக இருக்கட்டும் என்று அவள் எனக்காக உழைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மீதா, என் மீதா என்று தெரியவில்லை. வந்த வேகத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

புது வண்டியையே வாங்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்து ஹாரன் அடித்தால் போகிறது என்றும் யோசித்தேன். எங்கள் தெருவில் ஹாரன் அடிக்காதவன் யார்? எதை என்னுடையது என்று கண்டுபிடிப்பாள்? அப்படியே கண்டுபிடித்தாலும், இந்த மனுஷன் எதற்குத் தினமும் தண்டோரா போட்டுக்கொண்டு வருகிறான் என்று யோசிக்கமாட்டாளா?

மறுநாள் காலையில் புரோக்கரை வரச்சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சுவர் உரசுகிறது, தெரு சின்னது என்று ஏதோ சொன்னேன். மகன் போனில் கத்தினான்.

"அம்மாவுக்காகத்தானேப்பா இந்த வண்டியையே பார்த்தோம்?"

"ஆமாம் தம்பி. அம்மாவுக்காகத்தான்" என்றேன்.

பட்டறைக்குப் போனதும், வேலையை விடுகிறேன் என்றாரே அதே வெல்டர், அவரைக் கூப்பிட்டு, டீசல் வண்டியில் ஏறுவதற்கு அகலமாக, தணிவாக, கைப்பிடி வைத்த ஒரு படி செய்யச் சொன்னேன். சீட் உயரம் என்ன, கால் எவ்வளவு தூக்க முடியும் என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு தடவைகூட "சரி" என்று சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் டீசல் வண்டியில் வந்தேன். தெருமுனையில் கியரைக் குறைத்து நன்றாக உறுமவிட்டேன். சந்தில் தேவைக்கு மேல் ரிவர்ஸ் எடுத்தேன். உள்ளே விட்ட பிறகும் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "சார், புகை உள்ள வருது" என்றார். கையைத் தூக்கிக் காட்டினேன், அணைக்கவில்லை. இப்போது துடைத்திருப்பாள், இப்போது தலை வாரியிருப்பாள், பவுடர் போட்டிருப்பாள் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். எல்லாம் முடிந்திருக்கும் என்று நிச்சயமான பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.

உள்ளே போனேன். அந்தப் பெண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். "நான்தான் சார் சொல்லிட்டேன். நேத்து அழுதுகிட்டிருக்கும்போது பாதியில ஹாரன் சத்தம் கேட்டதுலேர்ந்து அம்மாவுக்குச் சந்தேகம். இன்னைக்கு விடாம கேட்டாங்க" என்றாள்.

மனைவி முகத்தைத் துடைத்திருக்கவில்லை. தலை கலைந்து கிடந்தது. மூக்கு சிவந்து, கன்னம் முழுக்க ஈரம். சிரிக்கவும் இல்லை, "வந்தாச்சா" என்று கேட்கவும் இல்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்... வெளியவே... நிப்பீங்க? உள்ள... வாங்க."

அந்தப் பெண் துண்டோடு கிட்டே வந்தாள். மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நல்ல கையால் கட்டிலில் தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டினாள். போய் உட்கார்ந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள், அதே சத்தத்தோடு, அதே கோணல் வாயோடு. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் எழுந்து டிவி பக்கம் போகவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அழுது முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.