ஆறாவது கரண்டும் நான் போட்ட கோடும்

திங்கட்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்குத் த்ரீவீல் ஆட்டோவில் இருந்தவர்கள் மூன்று பேர். முன்னால் ஓட்டுகிற சுனில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்துக்காரர். பின்னால் என் மனைவி ஜெயலட்சுமி. அவளுக்குப் பக்கத்தில் நான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் சட்டைப் பையில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா இருந்தது.

தோட்டத்திலிருந்து எஹலியகொட டவுன் ஐந்து கிலோமீட்டர். த்ரீவீலுக்கு அறுநூறு ரூபாய். அங்கிருந்து கொழும்பு பஸ். கொழும்புக்கு இந்தப் பக்கமே பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கிவிடலாம். ஆளுக்கு இருநூற்று இருபது.

ஜெயாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்ததால் மார்பை முழுதாக எடுக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் அழிக்க, பதினைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, வைக்க வேண்டும் என்றார்கள். சனி ஞாயிறு கிடையாது. அன்றைக்கு ஆறாவது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விளங்காததைப் படித்துத் தெளிய வழியில்லை, அதனால் யோசித்து யோசித்தே பயந்துகொள்வேன். ஜெயா அப்படியில்லை.

5.20. பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவிசாவளை தாண்டும்போது விடிந்துவிட்டது. ரோட்டோரம் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் சாய்வாகப் பால்வெட்டுக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு அவள் நெஞ்சுக் கோடு ஞாபகம் வந்தது.

"கோடு இருக்கா, புள்ள?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்குங்க. அது என்ன அவிசாவளையில எறங்கியா போயிரும்?"

விஷயம் இதுதான். கரண்ட் எங்கே படவேண்டும் என்று முதல் நாளே அவள் நெஞ்சில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். சவர்க்காரம் போடக்கூடாது, தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் லீவில் வியர்வையும் சட்டையும் பட்டுக் கோடு மங்கிப்போனது. "மங்குனா வந்து சொல்லச் சொன்னாங்க" என்றாள் ஜெயா. சொல்வதற்குள் முழுதாக அழிந்துவிட்டால்? இடது பக்கம் வேறு, உள்ளே இருதயம் இருக்கிறது. ஞாயிறு முழுக்க நான் சோறு தின்னவில்லை.

தோட்டத்தில் என் வேலையே மரத்துக்குக் கோடு போடுவதுதான். இருபத்திரண்டு வருஷமாகப் பால்வெட்டுக்கு நான்தான் பட்டையில் கோடு போடுகிறேன். கோடு பிசகினால் கத்தி பிசகும், மரம் கெட்டுப்போகும். ஒரு மரத்தையும் நான் கெடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில் ஞாயிறு ராத்திரி பேனாவை எடுத்தேன். "போடுங்க, அப்பவாவது சோத்தத் தின்னுவீங்க" என்று ஜெயா சிரித்துக்கொண்டே சட்டையை விலக்கினாள். மங்கிய கோட்டின் மேலேயே போட்டேன். மங்காமல் இருந்த இடங்களை வைத்து மற்றதைக் கண்ணால் கணக்குப் பார்த்துப் போட்டேன்.

8.00. ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்தோம். ஒன்பது மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கேட்டுக்கு வெளியே உள்ள கடைக்குப் போய் இரண்டு பிளேன்டீ, மீன் வைத்த மாளு பனிஸ் இரண்டு வாங்கினேன். அவள் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைப்பு. கோப்பையை எடுத்தேன், போன் அடித்தது. ஜெயாதான்.

"இந்தாங்க, மிஸ் ஒங்கள வரச் சொல்றாங்க. பேனாவையும் எடுத்துட்டு வாங்க."

ஓடினேன். கரண்ட் வைக்கிற மிஸ் கையில் கார்டோடு கதவருகே நின்றார். "கவுத மே இர ஏந்தே?" யார் இந்தக் கோட்டைப் போட்டது என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி உடுப்போடு நின்ற ஜெயாதான், போட்டது தன் புருஷன் என்று சொன்னாள்: "அப்பே மஹத்தயா தமாய், மிஸ். ரப்பர் மரத்துக்குக் கோடு போடுற ஆளு."

மிஸ் சிரிக்கவில்லை. என் கோடு ஒரு சுண்டுவிரல் அளவு கீழே இறங்கியிருக்கிறது என்றார்.

"கரண்ட் வச்சிட்டீங்களா, மிஸ்?"

"இல்லை. கோட்டை மட்டும் பார்த்து நாங்கள் வைப்பதில்லை." ஜெயாவின் தோலில் கடுகளவு புள்ளிகள் இரண்டு மூன்று குத்தியிருப்பதாகவும், அவை அழியாது, அதிலிருந்து அளந்துதான் வைப்போம் என்றும் சொன்னார். "ஆனால் இப்போது டாக்டர் வந்து பார்க்க வேண்டும். அவர் வார்டில் இருக்கிறார்."

"அப்ப இன்னைக்கி இல்லியா?"

"வந்தால்தான் தெரியும்."

ஒன்றரை மணி நேரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். என்னால் ஒரு கரண்ட் தவறிப்போகிறது, அதற்குள் அந்த மிச்சம் வளர்ந்துவிடும் என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயா கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு தோள் இறுகாமலிருக்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சி. "நீங்களும் தூக்குங்க, கொஞ்சம் பயம் கொறையும்" என்றாள்.

11.00. டாக்டர் வந்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் கோட்டைத் துடைத்து, புள்ளியிலிருந்து அளந்து புதுக்கோடு போட்டார்களாம். பிறகு கனமான கதவு மூடியது. உள்ளே அவள் மட்டும் இருப்பாள், வலிக்காது, சூடுகூடத் தெரியாது என்று முந்தியே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்தாள்.

"வச்சாச்சு. ஆறு முடிஞ்சிச்சு."

மிஸ் என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். "மரத்துக்கு எப்படிக் கோடு போடுவீர்கள், கண்ணாலா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ், அளவுத் தகடு இருக்கு. அத மரத்துல வச்சுத்தான் போடுவோம்."

"மரத்துக்கே தகடு வைக்கிறீர்கள்." அப்போதுதான் சிரித்தார்.

12.30க்குத் திரும்பும் பஸ். ஹோமாகம தாண்டியது. கடைகள் குறைந்து மரங்கள் வரத் தொடங்கின. கொஸ்கமவுக்குப் பிறகு மறுபடியும் ரப்பர், மறுபடியும் கோடுகள். காலையில் போலப் பயம் வரவில்லை. என் மரங்களை நான் பார்த்துக்கொள்ளலாம், அவளைப் பார்த்துக்கொள்ள அளவு தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்று தோன்றியது. உடனே பசியும் எடுத்தது. பசி எடுத்ததும்தான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, புள்ள! டீக்கடையில காசு குடுக்காம ஓடி வந்திட்டேன்!"

"தின்னீங்களா?"

"எங்க தின்னேன், கோப்பையத் தூக்குனதோட சரி."

"நாளைக்குக் குடுத்திட்டு, நாளைக்கு உக்காந்து தின்னுங்க" என்றாள் ஜெயா, ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு. "இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள அந்தக் கடக்காரரும் ஓடிற மாட்டாரு, நானும் ஓடிற மாட்டேன்."

பிளேன்டீ ஐம்பது ரூபாய்ப்படி இரண்டு, மாளு பனிஸ் நூறு ரூபாய்ப்படி இரண்டு. முந்நூறு ரூபாய் பாக்கி.