திருப்பருத்திக்குன்றத்தில் நாங்கள் மெட்ராஸ்காரர்கள்

பத்து கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பயணத்தில் ஐந்து வயதுக் குழந்தை பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிடுமா? மூன்று மாதமாக இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. வெளியூர்க்காரர்கள் வேன் வேனாக வந்து பார்த்துவிட்டுப் போகும் இந்த ஊரில் நான் பார்த்தவை எங்கள் தெரு, பெருமாள் கோவில், மளிகைக் கடை, மகள் வைதேகியின் பள்ளிக்கூடம். வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு பத்திரிகையில், சொந்த ஊரிலேயே ஒரு நாள் வெளியூர்க்காரரைப் போல நடந்து பாருங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த வரியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று சனிக்கிழமை, பௌர்ணமி. மாமியார் திருப்புட்குழியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். பள்ளி ஆசிரியரான என் கணவர், பௌர்ணமிதோறும் பெருமாள் வீதியுலா வரும் புறப்பாட்டில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். மதியமே கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். பெருமாள் எங்கள் வாசலுக்கு வர மாலை ஆறே கால் ஆகும். அதற்குள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, தேங்காய்த் தட்டோடு நிற்க வேண்டும். ஏழு வருடத்தில் ஒரு முறைகூட நான் தவறியதில்லை. இடையில் மூன்று மணி நேரம் இருந்தது.

பிற்பகல் 2.45. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், குடை. கதவைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

"எங்கம்மா போறோம்?"

"ஒரு விளையாட்டு. இன்னிக்கு நாம மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கோம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

டவுன் பஸ்ஸில் பேருந்து நிலையம், எனக்கு ஒன்றரை ரூபாய். அங்கிருந்து, பழைய ஜைனக் கோவில் இருக்கும் திருப்பருத்திக்குன்றம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார். நான் தயங்கினேன்.

"எந்த ஊர்மா?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல அம்பது வாங்குனா வாயத் தொறக்காம குடுப்பீங்க, இங்க இருவதுக்கு யோசிக்கிறீங்களே. எல்லாரும் பட்டு எடுக்கக் கூப்புடுவாங்க, நீங்கதான் ஜைனக் கோயிலுக்குன்றீங்க. ஏறு பாப்பா."

வைதேகி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அப்போது நான் ரசித்தேன்.

மாலை 3.40. கோவில் பூட்டியிருந்தது. எதிர் வீட்டிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் சாவியோடு வந்தார். கிராமத்து ஜைனக் குடும்பம். எந்த ஊர் என்று அவரும் கேட்டார், மெட்ராஸ் என்றேன். உள்ளே மண்டபத்தின் கூரை முழுக்க வண்ண ஓவியம். யானைகள், பல்லக்குகள், வரிசை வரிசையாக நடனமாடும் பெண்கள். பல இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. வைதேகி தரையில் மல்லாந்து படுத்து யானைகளை எண்ணினாள். நானும் அவள் பக்கத்தில் படுத்தேன். வீட்டில் பகலில் நான் படுத்ததே கிடையாது.

அந்த முக்கால் மணி நேரம் நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

4.30. கிளம்பினோம். அந்த அம்மாள் விடவில்லை.

"மெட்ராஸ்லேர்ந்து கொழந்தையத் தூக்கினு வந்துட்டு, வெறும் வயித்தோட போறதா? நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவோம். இட்லி வெந்துக்கினு இருக்குது. எங்க வீட்ல வெங்காயம் பூண்டு கெடையாதுமா, நாமம் போட்டவங்களும் சாப்புடலாம்."

"இல்லம்மா, நேரமாறது."

"மெட்ராஸ் பஸ் ராத்திரி வரைக்கும் இருக்குதே. என்னா அவசரம்?"

பதில் இருந்தது. நான் சின்ன காஞ்சிபுரம், பெருமாள் ஆறே காலுக்கு என் வாசலுக்கு வருகிறார் என்று சொல்லியிருந்தால் அவரே என்னை விரட்டியிருப்பார். ஒரு மணி நேரத்துக்கு முன் சொன்னதை எப்படி மாற்றுவது? வெட்கம். உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

5.20. ஆட்டோ எதுவும் இல்லை. வறண்டு கிடந்த வேகவதி ஆற்றை ஒட்டிக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஆறு மணிக்குத்தான் நகர்ந்தது.

6.30. தெரு முழுக்கக் கோலம். எல்லா வாசலிலும் விளக்கு. எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது, பூட்டோடு. பக்கத்து வீட்டு மாமி சொன்னார்:

"பெருமாள் ஒரு நிமிஷம் நின்னார்டி. ஒங்காத்துக்காரர் பாசுரம் சொல்லிண்டே அந்தப் பூட்டையே பார்த்துண்டிருந்தார். நான்தான் என் தட்டை நீட்டினேன்."

7.45. அவர் வந்தார். கத்தவில்லை.

"எங்கே போயிருந்தே?"

வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வைதேகி பேசினாள்.

"எனக்கு வயிறு வலிச்சுதுப்பா. அழுதேன். அம்மா டாக்டர்கிட்ட தூக்கிண்டு போனா."

அவர் முகம் அப்படியே இளகியது. குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மருந்து குடுத்தாரா?"

"மருந்து வேண்டாம்னுட்டார். ரசஞ்சாதம் சாப்பிடச் சொன்னார்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோக்காரர் முன்னால் சிரித்த அதே சிரிப்பு. நான் சீரகத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குள் போனேன். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தண்ணீர் கொதித்துவிட்டது.

மறுநாள் திரும்பி வந்த மாமியார் குழந்தைக்குத் திருஷ்டி சுற்றினார். "குழந்தைக்கு முடியலேன்னா நீ என்ன பண்ணுவே, பெருமாளுக்குத் தெரியாதா?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஏழு வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு கனிவாகப் பேசியது அன்றுதான். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வைதேகி பள்ளியில் பென்சில் பெட்டியைத் தொலைத்தாள், பக்கத்துப் பெண் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னாள். அப்பாவின் கண்ணாடியை உடைத்தாள், பூனை என்றாள். ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு முன் என் காதோடு கேட்கிறாள்: "அம்மா, இப்போ நாம மெட்ராஸா?"

மெட்ராஸ் இல்லை, நாம் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு எங்கே இருந்தோம் என்று கேட்பாள். அப்பா முன்னால் கேட்பாள். பிறகு ஒரு சனிக்கிழமையும் எனக்குக் கிடையாது. அதற்காகத்தான் சும்மா இருக்கிறேனா, அவள் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று சும்மா இருக்கிறேனா, அதுவும் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்தத் தைரியத்தில், ஊரைச் சொன்னாலும் என் பெயர் போடாமல், குழந்தையின் பெயரையும் மாற்றி எழுதுகிறேன். பிள்ளை வளர்த்தவர்கள் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நான் முதலில் யாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், கணவரிடமா, குழந்தையிடமா? பெரிய வார்த்தைகள் வேண்டாம். அடுத்த முறை அவள் என் காதருகில் வந்து கேட்கும்போது நான் சொல்ல ஒரு வரி போதும்.