அலமேலுப் பூ

துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காக மசாலாச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவன் பதறினான். "அம்மா, எது வேணா எடுத்துட்டு வா, கசகசா மட்டும் வேணாம். ஏர்போர்ட்லயே புடிச்சி உள்ள வச்சிடுவாங்க." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கசகசாவுக்காக ஜெயிலுக்குப் போகப் பார்த்த கதை ஒன்று அவன் பிறப்பதற்கு முன்பே என்னிடம் இருக்கிறது. எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். கசகசாவுக்குப் பெரிதாக மணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் செஞ்சிக் கடைத்தெரு வந்து நின்றுவிட்டது, சாக்கு வாசனையும் வேர்க்கடலைத் தூசியுமாக.

அறுபதுகளில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு செஞ்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் குடித்தனம். குடித்தனம் என்றால் ஒரு அறை, ஒரு ஸ்டவ், நான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஏறிவிடுவதாகத் திட்டம். அங்கே இருந்த வரையில் பாதி மலையைத் தாண்டியதில்லை. முட்டி வலி என்று அப்போது சும்மா சொன்னேன். இப்போது உண்மையிலேயே வலிக்கிறது.

செட்டியாரின் மனைவிக்கு அலமேலு என்று பெயர் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ஊரிலிருந்து வந்த அவருடைய அண்ணன் வாசலில் நின்று "அலமேலு" என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. தெருவுக்கு அவர் செட்டியார் வீட்டம்மா. செட்டியாருக்கு "ஏ, இந்தா". இன்னாருடைய அம்மா என்று சொல்லவும் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே "அலமேலு அக்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட ஆரம்பித்தேன். வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய குரல்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையையே கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வார்கள். சாக்குகளை உதறி, தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி, வீட்டுக் கொல்லை மூலையில் கொட்டுவது செட்டியார் வீட்டு வழக்கம். தானியமாயிற்றே, தெருக்குப்பையில் போடலாமா? ஐப்பசி மழை விழுந்ததும் அந்த மூலையில் ஒரு சின்ன மளிகைக் கடை முளைக்கும். கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, ஒன்றிரண்டு துவரை. ஒரு வருஷம் இவற்றோடு யாருக்கும் அடையாளம் தெரியாத செடி ஒன்றும் கூட்டமாக முளைத்தது. சாம்பல் பூசியது மாதிரி பச்சை இலை, முட்டைக்கோஸுக்குத் தூரத்துச் சொந்தம் போல. மார்கழிக் குளிரில் ஒரு காலை, அதுவரை தலைகுனிந்திருந்த மொட்டு நிமிர்ந்து விரிந்தது. வெள்ளை வெளேரென்ற இதழ், அடியில் ஊதா. அக்கா கொல்லையிலிருந்தே கத்தினார்.

"டீச்சர், ஓடியா! இன்னா பூ இது?"

பயிற்சிப் பள்ளியில் சுவரில் மாட்டியிருந்த ஆங்கிலப் படம் ஒன்றில் இதைச் சிவப்பு நிறத்தில் பார்த்திருந்தேன். படித்தவள் என்ற பெருமையோடு சொன்னேன். "பாப்பி."

"அது இன்னா பேரு, நாய்க்குட்டிக்கு வைக்கிறாப்ல?" என்றார் அக்கா.

தெருவும் அந்தப் பெயரைத் தொடவில்லை. அக்கா கோலத்துச் சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூவுக்குப் பதிலாக அதைச் செருகினார். மறுநாளே பெண்கள் வந்து கேட்டார்கள். "அலமேலுக்கா, அந்தப் பூவுல ஒரு கண்ணு குடேன்." பின்னால் வந்த சின்னக் கன்றுகளை அக்கா பிடிமண்ணோடு கொட்டாங்குச்சியில் வைத்துக் கொடுத்தார். "அலமேலு வீட்டுப் பூ" சில நாளில் தேய்ந்து "அலமேலுப் பூ" ஆனது. முன்பின் தெரியாத பெண்கள்கூட வாசலில் வந்து "அலமேலுப் பூ இருக்குதா?" என்பார்கள். அக்கா கேட்காதது போல் நிற்பார். இன்னொரு முறை சொல்லட்டும் என்றுதான்.

சப்-இன்ஸ்பெக்டர் மனைவி சரோஜாவும் வாங்கிப் போனார். ஊரிலேயே பெரிய பாத்தி அவர் வீட்டில்தான். அது மதுவிலக்குக் காலம். சப்-இன்ஸ்பெக்டருக்கு மலையோரமெல்லாம் சாராய ஊறல் தேடுவதே வேலை. காலையில் அந்தப் பூக்களுக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவாராம்.

மாசியில் முதல் காய்கள் காய்ந்தன. தலையில் குட்டிக் கிரீடம் வைத்த காய். அக்கா ஒன்றை ஆட்டினார், உள்ளே கசகசவென்றது. உடைத்து உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு மென்றவர், "அடியே, நம்ம கசகசா!" என்று கடைக்கே ஓடினார். கசகசா மூட்டையை எலி கடித்திருந்த விஷயம் அப்போதுதான் செட்டியாருக்கே ஞாபகம் வந்தது. ஆயுசு பூராவும் கசகசா நிறுத்து விற்றவர், அதன் செடியைப் பார்த்ததில்லை. பூரிப்போடு ஒரு காயைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் காட்டினார். அந்த மனிதருக்கு முகம் வெளுத்தது.

"யோவ், இது போஸ்தக்காய்யா. பச்சையில கீறுனா அபினு. வளத்தா ஜெயிலு!"

நான்கு பேருக்கு நான்கு பெயர் தெரிந்திருந்தது. நான்கும் ஒரே செடி என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்த செட்டியார், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். "யம்மா டீச்சரு, இன்னாமோ பாப்பின்னியே!" என்று என்னைப் பார்த்து ஒரு முனகல். நான் பூவின் பெயரைச் சொன்னேனே தவிர, அதன் தொழிலைச் சொல்லவில்லை.

கொல்லையை மொட்டையடித்தோம். பிறகு அக்கா வீடு வீடாகப் போய்ப் பிடுங்கினார். "அலமேலுப் பூவ ஏங்க்கா புடுங்குற?" என்று பெண்கள் கெஞ்சினார்கள். "பூச்சி வுழுந்துடுச்சி" என்பார், நிமிராமல். மிச்சம் சப்-இன்ஸ்பெக்டர் வீடு. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது சப்-இன்ஸ்பெக்டரே பாத்தியில் நின்றிருந்தார், கையில் சொம்பு.

"வாங்க டீச்சர். பூவுன்னா இது பூவு! காய் கூட வச்சிருக்குது பாருங்க."

அக்கா என் கையைப் பிடித்தார். சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தால் கேஸ் போட்டாக வேண்டும். யார் மேல் போடுவார், செட்டியார் மேலா, தன் மேலேயா? ஜீப் கிளம்பிய சத்தம் தேய்ந்த பிறகு சரோஜாவிடம் மெதுவாகச் சொன்னோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், பயத்திலா சிரிப்பிலா தெரியவில்லை. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் செடியை அவரே பிடுங்கினார். ஒவ்வொன்றாக எருக்குழிக்குப் போயின.

கடைசிச் செடியில் ஒரு பூ விரிந்திருந்தது. அக்கா அதைப் பிடித்தபடி சற்று நின்றார்.

"வேற ஊர்ல இதுக்கு இன்னா பேரு வேணா இருக்கட்டும், டீச்சர். இங்க என் பேருதான் இருந்துச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பிடுங்கிவிட்டார்.

சாயந்தரம் சரோஜா கணவரிடம் "ஆடு மேஞ்சிடுச்சி" என்று சொல்லியிருக்கிறார். அவர் வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டு விடுவாரா? ஊறல் தேடுவது நின்றது, ஆடு தேடுவது தொடங்கியது. கான்ஸ்டபிள்கள் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வர, செஞ்சி ஆடுகளெல்லாம் கொஞ்ச நாள் வீட்டுக்குள் கட்டுண்டு கிடந்தன. சாராயம் காய்ச்சியவர்கள் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். செட்டியாரும் கடையைத் திறந்தார், கசகசா மூட்டையை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளி வைத்து.

அதன் பிறகு பாப்பி பற்றி எங்கே அச்சில் பார்த்தாலும் படித்துவிடுவேன். கோதுமை வயலில் சிவப்பு, இமயத்தில் நீலம், அமெரிக்காவில் ஆரஞ்சு. நம் கசகசாச் செடியின் விஞ்ஞானப் பெயருக்குத் தூக்கம் தருவது என்று பொருளாம். செட்டியார் தூங்காமல் கிடந்தது எனக்கல்லவா தெரியும்! கோட்டை அடிவாரத்தில் முள்ளோடு மஞ்சளாகப் பூக்கும் பிரம்மதண்டும் இந்தக் குடும்பம்தான். அதற்குக் குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர், குடித்தனத்தையே ஊரைவிட்டு ஓட்டிவிடுமாம். எங்கள் விஷயத்தில் அதன் பங்காளி கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிட்டது.

போன வருஷம் செஞ்சிக்குப் போயிருந்தேன். மளிகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கொல்லைக்குச் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். மருந்துக் கடை இல்லை. செட்டியாரும் அக்காவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். தெருமுனையில் என் வயசுப் பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவளாம். ஆசையாகக் கேட்டேன்.

"அலமேலுப் பூ ஞாபகம் இருக்கா?"

"அது இன்னா பூவு?"

"அலமேலு அக்கா வீட்டுப் பூ."

"எந்த அலமேலு?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "செட்டியார் வீட்டம்மா" என்றேன்.

"ஆங், அவங்களா! நல்லாத் தெரியுமே" என்றாள், முழம் போட்டுக்கொண்டே.