இரண்டாம் முறை காய்ந்த இலை

அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் காற்று ஓய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் டெல்மிரா, தேநீர் மாதிரி வெந்நீர் ஊற்றிக் குடித்து முடித்த மாத்தே இலையைக் கொல்லையில் பழைய செய்தித்தாள் மேல் பரப்பும்போது நான்கு மூலையிலும் கல் வைப்பாள். நடுவில் ஐந்தாவதாக ஒன்று. இலை மறுபடி காய்ந்ததும் டப்பாவில் தட்டிப்போட்டு, மறுநாள் அதிலேயே வெந்நீர் ஊற்றுவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குக் கை தாராளமாகப் பரிமாறுகிறவள்தான்.

அந்த ஊரில் வீடு தேடி வந்தவருக்குச் சாரம் போன மாத்தே கொடுப்பதும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான். பன்னிரண்டு வருடத்தில் வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அதிலும் ஒரு மிச்சம் இருந்தது: பிஸ்கட் வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு நெலிதா மட்டும் வந்துகொண்டிருந்தாள், தன் இலையைத் தானே பொட்டலமாகக் கொண்டுவந்து.

"உன் மாத்தேக்கு பாத்திரம் கழுவுன தண்ணி எவ்வளவோ தேவலடி."

"அலாஸ்கா போய் நல்லதா குடிச்சுக்குறேன், போ."

"அங்க மாத்தே கிடைக்குமா?"

அதை விசாரிக்க இருவருக்குமே தோன்றியதில்லை.

அலாஸ்கா அவள் கணவன் எவரிஸ்தோவின் ஆசை. துறைமுகத்தில் தானிய லாரிகளை எடை போடும் வேலை அவனுக்கு. முப்பது வருடமாக எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒரு பழைய வேனை வாங்கினான். வடக்கே சாலை முடிகிற இடம்வரை இரண்டு வருடப் பயணம். அதற்குப் பணம் சேரும்வரை வேன் கொல்லையில் செங்கல் மேல் நின்றது. வெயிலில் வெடிக்கக் கூடாதென்று அதன் நான்கு டயர்களும் படுக்கையறையில் இருந்தன. ஊர் சுற்ற வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு வருடமாகக் கடற்கரைக்குக்கூடப் போகாதவன் அவன்.

டெல்மிராவுக்கும் ஓர் ஆசை உண்டு. கடுங்குளிர் மாதமான ஜூலையில் ஒரே ஒரு நாளாவது கதகதப்பான அறையில் கண் விழிக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய ஆசைக்காரனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சின்ன ஆசையைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

கடைசியில் கிளம்பும் நாள் குறித்தாயிற்று. செப்டம்பர் இருபத்தொன்று, வசந்தத்தின் முதல் நாள். ஜூன் பிறந்ததும் எவரிஸ்தோ போய், ஹீட்டருக்கு வரும் கேஸ் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

"கிளம்பத்தானே போறோம் கிழவி. கேஸ்காரனுக்கு எதுக்கு அழணும்?"

"குளிருறதே இந்த ரெண்டு மூணு மாசம்தானே கிழவா."

"இதான் கடைசிக் குளிர். பல்லக் கடிச்சுக்க."

"கடிக்கத்தான் பாக்குறேன். அது தந்தியடிக்குது."

அவன் ஒரு கணப்புச் சட்டி கொண்டுவந்தான். சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் மாவுப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டினான். டெல்மிரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: படுக்கும் முன் சட்டி கொல்லைக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரிச் சட்டியோடு கதவடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று குளிர்காலம் தவறாமல் வானொலியில் செய்தி வரும். எவரிஸ்தோ மறுப்பே சொல்லவில்லை. மணலைப் போட்டு அணைத்தால் மிச்சக் கரி மறுநாளைக்கு ஆகுமே.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் இலையைப் பரப்பிவிட்டு, ஐந்தாவது கல்லைத் தேடத் தெம்பில்லாமல் வந்து படுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உறங்கும் நேரத்தில் எவரிஸ்தோ சட்டியில் கரியைக் கொட்டினான். மூன்று நாளைக்கான கரி.

"கிழவா, அத வெளிய வை."

"உனக்கு ஒடம்பு நடுங்குது. இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும். தூங்கு."

தன் கம்பளியையும் அவள்மேல் போர்த்தினான். அவள் பாதங்களைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டான். பிறகு சட்டியை ஒட்டித் தரையிலேயே படுத்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் அந்த அறை அவ்வளவு இதமாக இருந்ததில்லை. டெல்மிரா எதிர்வாதம் பேசாமல் தூங்கிப்போனாள்.

தாள் படபடக்கும் சத்தம் அவளை எழுப்பியது. தலை பிளந்தது, கால் தன்னுடையதாக இல்லை. விஷவாயு பற்றிய நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஒரு வார இலை பறந்து நெலிதாவின் முற்றத்தில் விழும், அவள் ஒரு மாதத்துக்கு ஓட்டித்தள்ளுவாள் என்பதுதான் கவலை. தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்து, கொல்லையில் அந்தச் செய்தித்தாள் மேலேயே விழுந்தாள்.

மதிலுக்கு மேலே தலை தெரிந்தது. "ஏய் டெல்மி, குடிச்சிருக்கியா?" என்று சிரித்த நெலிதா, முகத்தைப் பார்த்ததும் மதிலேறிக் குதித்தாள். உள்ளே எவரிஸ்தோவின் கன்னங்கள் சிவந்து, இத்தனை வருடத்தில் பார்க்காத ஆரோக்கியத்தோடு இருந்தன. தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வீணாகப் போகக் கூடாதென்று காயவைத்த இலை ஒருத்தியை எழுப்பிவிட்டது. ஆயுளில் ஒரே நாள் கை தாராளமாகச் செலவழித்தவனைக் கரி கொண்டுபோயிற்று. அடக்கத்தில் பாதிரியார், "நம் சகோதரர் நெடும்பயணம் புறப்பட்டுவிட்டார்" என்றார். நெலிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னல் தாள்களை டெல்மிரா கத்தியால் சுரண்டி எடுத்தாள். பயணத்துக்கென்று மாவு டப்பாவில் சேர்த்துவைத்திருந்த டாலர்களில் சிலவற்றை எடுத்துக் கேஸ் இணைப்பைத் திரும்ப வாங்கினாள். அந்தப் பணம் போன முதல் பயணம் அதுதான்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி நெலிதா வந்தபோது ஹீட்டர் முழுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. டெல்மிரா மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"தெருவுக்கா குளிர்காயுற? ஜன்னல மூடு, இல்ல அத அணை."

"ரெண்டும் இருக்கட்டும்."

நெலிதா வேனைப் பார்த்தாள். "இன்னைக்குத்தானே..."

"இன்னைக்குத்தான்."

டெல்மிரா புது இலை போட்டு மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். பச்சையாக நுரைத்தது. நெலிதா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிரண்டு பார்த்தாள். "ஐயோ, இது நல்லாருக்கேடி" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் போனபிறகு டெல்மிரா, சாரம் போன இலையைக் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் செய்தித்தாளில் பரப்பினாள். நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். ஐந்தாவது கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தாள் நடுவில் எழும்பிப் படபடத்தது. அது காதில் விழும்படி கதவைத் திறந்துபோட்டுவிட்டு, மத்தியானத் தூக்கத்துக்குப் போனாள்.