தொட்டிக்குள் வந்த ஒற்றைக்கண்ணன்

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டு வரவேற்பறையில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. நான்கடிக் கண்ணாடித் தொட்டி. காலை ஒன்பது மணிக்கு அதன் நீல விளக்கு தானாக எரியும். சுவர், கூரை, மின்விசிறி எல்லாம் மெல்ல அலையாடத் தொடங்கும். அந்த வெளிச்சத்தில் நின்றால், தண்ணீர் வீட்டுக்குள் இருக்கிறதா, வீடு தண்ணீருக்குள் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

தொட்டி என்னுடையது. அதிலிருக்கும் பட்டன் பவளம் மட்டும் என் மனைவியுடையது. ஒரே கல்லில் ஒட்டி வளர்பவை. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, பச்சை நடு, ஆரஞ்சு விளிம்பு. அவள் மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி முடிந்து வந்து, குளித்துவிட்டுத் தொட்டி முன் சோபாவில் உட்காருவாள். விளக்கு வந்ததும் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விரியும். எல்லாம் விரிந்தபிறகுதான் எழுந்துபோய்ப் படுப்பாள். வார்டில் பார்த்ததையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவதாக ஒருமுறை சொன்னாள். மாத்திரைக்கு வராத தூக்கம் அவளுக்கு அதில் வந்தது.

அந்தப் பொத்தான்கள் மூடிக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் ஓரத்தில் நான்கு. மூன்று வாரத்தில் பாதிக்குமேல். சில வெறும் தண்டாக நின்றன. அவள் பதினொரு மணிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, தூங்காமலே அடுத்த பணிக்குப் போனாள்.

"என்னங்க ஆச்சு இதுக்கு? நீங்கதானே தொட்டி டாக்டர்?"

டாக்டர் தாடையைத் தடவினார். தண்ணீரின் உப்பைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது, பவளத்தைத் தவிர.

ஒரு விடியற்காலை, விளக்கு வருவதற்கு முன், கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து ஒன்று ஊர்ந்து வந்தது. அரை வடை அளவு. தார் ஊற்றியதுபோல் கறுப்பு. உச்சியில் ஒரே ஒரு துளை. அந்தத் துளை என்னையே பார்த்தது. ராணுவத்தில் தேசிய சேவை செய்து துப்பாக்கி பிடித்தவன், ஐம்பத்தொரு வயதுக்காரன், நான் சோபாமேல் ஏறி நின்றேன். அங்கிருந்தே வார்டுக்கு அழைத்தேன்.

"வீட்ல ஒருத்தன் இருக்கான்."

"யாரு?"

"தெரியல. கறுப்பா, வழவழன்னு. ஒத்தக் கண்ணு."

"ஐயோ, போலீசுக்கு போன் பண்ணுங்க!"

"தொட்டிக்குள்ள இருக்கான்."

மறுமுனையில் ஏதோ கருவி கூவுவது கேட்டது. பிறகு சொன்னாள்: "இங்க ஒருத்தருக்கு நெஜமாவே மூச்சு வாங்குது. வெச்சிடவா?"

கடல் பாறையை வாங்கித் தொட்டியில் போட்டால், அதன் பொந்துகளில் பயணச்சீட்டு எடுக்காத பலர் கூடவே வந்து இறங்குவார்கள். இவன் அப்படி வந்தவன். பவளத்தைத் தின்பவன் இவனேதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். இரண்டு வாரம் விடியற்காலைதோறும் நாங்கள் முறைத்துக்கொண்டோம். நான் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அந்த ஒற்றைக் கண்ணை உற்றுப் பார்ப்பேன். அவன் அசரவே மாட்டான்.

இந்தப் போரில் எனக்கு ஒரு துணை இருந்தது. அதுவும் பாறையோடு வந்ததுதான், ஒரு குட்டி நத்தை. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் சுருள் ஓடு, எள் தூவிய கைமுறுக்கு மாதிரி. அது அடிக்கடி மணலில் விழுந்து கிடக்கும். பாவமாக இருக்கும். இடுக்கியால் பூப்போல எடுத்து, பவளத்தின் நடுவே உட்கார வைப்பேன். அழுக்கைச் சுத்தம் செய்யட்டும், நோயாளிக்குத் துணையாகவும் இருக்கட்டும் என்று. என் மனைவிக்கும் அதைப் பிடிக்கும். கைப்பேசியில் படம்கூட எடுத்து எனக்கு அனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை விடியலில் ஒற்றைக்கண்ணனைப் பிடித்தேன். காலாவதியான பயண அட்டையை அடியில் செருகி நெம்பியதும் கழன்றான். தொட்டித் தண்ணீர் ஊற்றிய சாம்பார் டப்பாவில், பாசி படிந்த கல் ஒன்றோடு சிறை வைத்தேன்.

பாறையையும் பவளத்தையும் எனக்குத் தந்தவர் உட்லண்ட்ஸ்காரர், பேருந்து ஓட்டுநர். அவர் வீட்டுக்கு நான் போனதில்லை, அவரும் வந்ததில்லை. எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில், நான் உள்பக்கமும் அவர் வெளிப்பக்கமுமாக நின்று, தடுப்புக்கு மேலே கைமாற்றிக்கொள்வோம். இந்த ஊரில் பாதி வியாபாரம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வருவார் என்பதால் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு டப்பாவோடு போனேன்.

"அண்ணே, கொலகாரனப் புடிச்சிட்டேன்."

மூடியைத் திறந்தவர் சிரித்த சிரிப்பில், முருங்கைக்காய்க் கட்டோடு போன அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"இது லிம்பெட்டுண்ணே. பாறையில தொப்பி கவுத்த மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஓட்டு மேல கறுப்புத் தோலப் போத்திக்கிட்டு இருக்கு, அவ்ளோதான்."

"அப்ப அந்தக் கண்ணு?"

"கண்ணா? அது ஓட்டுல இருக்கிற ஓட்டைண்ணே. சுவாசிச்ச தண்ணி, கழிவு எல்லாம் அது வழியாத்தான் வெளிய போவும்."

இரண்டு வாரமாக எதை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் கல்லைக் காட்டினார். பாசியின்மேல் கோணல்மாணலாக, புல் வெட்டிய தடம்போல் சுரண்டியிருந்தது.

"பாருங்க, பாசிதான் தின்னிருக்கு. நல்ல பய."

"அப்ப பவளத்த யாருண்ணே தின்னது?"

"போட்டோ ஏதும் இருக்கா?"

மனைவி எடுத்த படத்தைக் காட்டினேன், பவளத்தின் நடுவே நத்தை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"இவன் எப்படி இங்க வந்தான்?"

"நான்தான் உக்கார வெச்சேன்."

"ஒரு தடவையா?"

"தெனமும். கீழ விழுந்து கெடந்தான், பாவமேன்னு..."

அவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இது சண்டயல் நத்தைண்ணே. பட்டன் பவளம்தான் இவன் சாப்பாடே. வயிறு நெறஞ்சு கீழ கெடந்தவனத் தூக்கித் தூக்கி மறுபடி பந்தியில உக்கார வெச்சிருக்கீங்க லா!" பிறகு குரலைத் தணித்தார். "அழகப் பாத்து மொதல்ல நானும் ஏமாந்தவன்தான். ஒன்னு கண்ணுல பட்டா, இன்னும் ரெண்டு மூணு தண்டுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கும். இன்னிக்கே எடுத்துடுங்க."

ரயில் சுரங்கத்தை விட்டு மேலே வந்தபோது மாலை வெயில் பெட்டிக்குள் மஞ்சளாய் மிதந்தது. எதிரே இருந்தவர்கள் எல்லாம் பாசிபோல ஒரே பக்கமாக அசைந்தார்கள். மடியில் நிரபராதி. வீட்டில் ஒருத்தி, நான் ஊட்டி வளர்த்த நத்தையால் தூக்கம் போனவள். ஸ்டேஷன் வராமலே ரயில் போய்க்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்தாள்.

"அதாவது, நோயாளி கட்டில்லயே நோயக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சிருக்கீங்க."

"தெனமும்," என்றேன், உண்மைக்காக.

அவள் கையுறை மாட்டினாள். எனக்கும் ஒரு ஜோடி எறிந்தாள். அந்தப் பவளத்தில் விஷம் உண்டு. கல்லைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் வைத்து, இடுக்கியால் தண்டுகளை விலக்கித் தேடினாள். நான் கைவிளக்கைப் பிடித்தேன்.

"லைட்ட ஆட்டாதீங்க."

"ஆட்டல. பயமா இருக்கு."

"ஒரு நத்தைக்கா?"

"உனக்கு."

மூன்று எள்முறுக்குகள் கிடைத்தன. அவற்றை உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் முடிந்துவிடும். அவள்தான் போட்டாள். அழகாகத்தான் இருந்தன, கடைசிவரை. லிம்பெட்டை நான் பாறையில் விட்டேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துளை இருந்த பக்கம்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன்: பொத்தான்கள் எல்லாம் மூடியே கிடந்தன. அவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோவாள். அறைக்குள் அவள் புரளும் சத்தம் கேட்கும்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நீலம் பரவியது. நான் சமையலறை வாசலில், கோப்பியைக் குடிக்காமல் நின்றேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நடுவிலிருந்த ஒன்று, கொட்டாவி விடுவதுபோல, மெதுவாக விளிம்பைப் பிரித்தது. இன்னொன்று. அவள் விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவதில் விரல் மடிமேலேயே நின்றுவிட்டது. தலை சோபாவில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சீருடைகூட மாற்றாமல் தூங்கியிருந்தாள். கூரையின் அலைகள் அவள் முகத்தில் வந்துவந்து போயின.

கல்லின் ஓரத்தில் எட்டாவது விரியத் தொடங்கியது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவளை எழுப்பாமல், எட்டாவதுக்கு என் விரலை மடக்கினேன்.