இன்னைக்கு எங்கன இருக்கான்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "நான் செத்துட்டேன். நீங்க போங்க, நான் வரல." கையிலிருந்த கரண்டியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அறைக் கதவைத் தள்ளித் திறந்தபோது அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, கேம்ல. ரிலாக்ஸ்" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ தெலுங்கில் பேச்சைத் தொடர்ந்தாள்.

என் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. மழைக்காலம் வந்துவிட்டால் நான் வெளிச்சம் இருக்கும்போதே எல்லா ஜன்னல்களையும் சாத்துகிறவன். மகளின் நெற்றியைப் போகிறபோதும் வருகிறபோதும் தொட்டுப் பார்க்கிறவன். ஹைதராபாத் கச்சிபௌலியில் பதினோராவது மாடிக்குக் கொசு லிஃப்டில்தான் வர வேண்டும் என்பாள் மனைவி. வரும். லிஃப்டிலேயே வரும்.

அதற்குள் தோசை கருகி வீடெல்லாம் வாசனை. அந்த வாசனை என்னை நேராகக் கல்யாணத்துக்கு முன் நான் இருந்த குகட்பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஹவுசிங் போர்டு காலனியில் மூன்று பேர் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவன் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் கணினியில் ஆடலாம் என்று ஏற்பாடு. அடுப்பைப் பார்க்க வேண்டியவனும் கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் தோசைகள் கருகாமல் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மூவரும் ஒரே கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தோம். நான் கும்பகோணத்துக்காரன். வெங்கட், ரயில்வே பட்டறையில் வேலைக்கென்று அந்தக் காலத்தில் மதராஸ் பக்கமிருந்து வந்து லாலாகுடாவிலேயே தங்கிவிட்ட குடும்பத்தில் பிறந்தவன். தமிழை ஆரம்பித்து, நடுவில் ஹைதராபாத் உருதுவில் நக்கோ என்று மறுத்து, ஏன் என்பதற்குக் கைக்கு என்று கேட்டு, தெலுங்கில் முடிப்பான். சிவா அருப்புக்கோட்டை. அப்பா இல்லை. அம்மா அங்கே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துப் படிக்கவைத்தார்.

செகந்திராபாத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி ஒன்று, கோட்டி கடைவீதியின் நடைபாதையில் சிடியாக வாங்கிய ஆட்டம் ஒன்று. ஆட்டம் என்றால் பத்து நிமிடம் சுட்டுவிட்டு எழுந்து போகிற ஆட்டமில்லை. ஓர் ஆளைப் படைத்து, அவனுக்குப் பெயர் வைத்து, காடு, துறைமுகம், பனிமலை என்று நடத்திக்கொண்டே போக வேண்டும். வழியில் மூலிகை பறிக்கலாம், வாள் பழகலாம், ஊர்க்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்யலாம். கடைசியில் ஒரு கோட்டை. அதை எட்ட மாதக்கணக்கில் ஆகும். மூன்று பேரும் ஆளுக்கொரு வீரனைப் படைத்து அவரவர் பெயரையே வைத்தோம். எங்கள் கற்பனை அவ்வளவுதான்.

காலையில் கம்பெனி பஸ் ஏறியதும் ஸ்டேட்டஸ் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் மேனேஜருக்குச் சொல்வது மாதிரியேதான், ஆனால் இதில் உண்மை இருக்கும்.

"நேத்து எங்கடா இருந்தே?"

"பாலத்துக்குக் கீழ. செத்துட்டேன்" என்பேன் நான்.

"கைக்கு கீழ போனே? நக்கோன்னு சொன்னேன்ல?"

"மூலிகை இருக்குன்னு சொன்னது யாரு?"

"மூலிகைய மேல ஏறி எடுக்கணும்டா, வெண்ண" என்பான் சிவா. பஸ் கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் பாலமும் படிக்கட்டும் வரைந்து காட்டுவான். எங்களில் அவன்தான் கெட்டிக்காரன். நான் முதல் கிராமத்து நாய்களிடமே பலமுறை உயிரை விட்டவன். "சேவ் பண்ணாம எந்தக் கதவையும் தொறக்காத" என்று எனக்குச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் வெங்கட் சாவகாசமாக, "ராத்திரி சிவாவைப் பன்னி குத்திக் கொன்னுடுச்சு" என்று சொல்ல, முன் இருக்கையிலிருந்த சென்னைப் பெண் திரும்பி, பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த சிவாவைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் மழை நின்றபின் சிவாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினான். பிறகு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று கணினியை விட்டு எழுந்தான். அவன் தானாக எழுந்ததைப் பார்த்ததும்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. பக்கத்து நர்சிங் ஹோமில் டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அவை ஏறினால் பிழைத்துக்கொள்வான். எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

படுத்துக்கொண்டே சிவா கவலைப்பட்டது வேறொன்றுக்கு. அவனுடைய வீரனைப் பனிமலை உச்சியில், சாப்பாடு தீர்ந்த நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தான். "கீழ எறக்கிருங்கடா. அப்படியே நின்னா வெறச்சிருவான்." ஆட்டம் நின்றிருக்கும்போது யாரும் விறைப்பதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வெங்கட்டை அந்த வேலையில் இறக்கினோம். சிவா கட்டிலிலிருந்து குறிப்புகள் சொல்வான், நான் போனில் வெங்கட்டுக்குச் சொல்வேன். இடப்பக்கம் ஓநாய். கயிற்றை இப்போதே செலவழிக்காதே.

ஒரு முற்பகலில் நான் வார்டுக்கு வெளியே நின்றிருந்தபோது வெங்கட்டின் அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னான். நான் ஆத்திரத்தில், "என்னடா சொல்றே, சிவா செத்துட்டானா?" என்று கத்தினேன். வராந்தாவின் மறுமுனையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. சென்னை வந்து ரயில் மாறி, பொது வகுப்பில் உட்கார்ந்தே வந்திருந்த சிவாவின் அம்மா, பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். நிலவேம்புப் பொடி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

கையைப் பிடித்து வார்டுக்குள் அழைத்துப்போனேன். சிவா சாய்ந்து உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் முகத்தை, தோளை, காலைத் தடவிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வைக்கிறதுக்கு வேற பேரே கெடைக்கலயா ஒங்களுக்கு? மொதல்ல அதை மாத்துங்க."

"மாத்த முடியாதும்மா. ஆரம்பத்துல வச்சா வச்சதுதான்" என்றான் சிவா.

"செத்தவன் இப்ப எங்க?"

"சேவ் பண்ணின எடத்துலருந்து திரும்ப வருவான்."

"நல்ல வசதிதான்" என்றார் அம்மா.

அன்றிலிருந்து அவரும் ஸ்டேட்டஸ் கேட்க ஆரம்பித்தார். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "இன்னைக்கு எங்கன இருக்கான்?" என்பார். பாதி மலை இறங்கிவிட்டான் என்பேன். கஞ்சி டம்ளரை மகனிடம் நீட்டுவார். "இதைக் குடிச்சா எம்புட்டு உயிரு கூடும்?"

"பத்து கூடும்மா."

"அப்ப ரெண்டு டம்ளரு குடி."

குடிப்பான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பான். ஈறில் ரத்தம் கசிந்தது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து வரிசையாக ரத்தம் கொடுத்தார்கள். ஏற்றியது ஏற்றியபடி இறங்கியது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே ஒருவர்தான் இருக்கலாம் என்றதால், அம்மாவைக் குளித்துச் சாப்பிட்டு வரச் சொல்லி வெங்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

அன்று நண்பகலில் டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். அவர் இன்னும் ஏதேதோ சொன்னார்.

போனில் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஆட்டோவில் போனேன். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தலை ஈரம் காயாமல் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முழங்காலிட்டு வெங்கட் மவுஸைப் பிடித்திருந்தான். திரையில் மலையடிவாரம், ஒரு சத்திரத்து வாசல், வெயில். அங்கே சிவா நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, சிவா போயிட்டான்" என்றேன்.

அவர் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஏய்யா, மறுபடியும் பயங்காட்டுறியா? இந்தா நிக்கிறான்ல. தம்பி இப்பத்தான எறக்கிக் கூட்டியாந்துச்சு."

"இது இல்லம்மா."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எது?" என்று கேட்டார்.

அதற்குப் பின் ஆம்புலன்ஸ், நெடுஞ்சாலை, அருப்புக்கோட்டைத் தெரு. அதையெல்லாம் என்னால் எழுத முடியாது. நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

திரும்பி வந்தபின் நானும் வெங்கட்டும் கணினியைத் தொடவில்லை. ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தோம். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தார். சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "அவன் எங்கன இருக்கான்?"

போனை வெங்கட்டிடம் நீட்டினேன். அவன் வாங்கி, "சத்திரத்துலதான் இருக்கான்ம்மா. ரெஸ்ட் எடுக்கிறான்" என்றான். வைத்ததும் என்னைப் பார்த்து, "கைக்கு பொய் சொல்லணும்? நெஜமாவே ஆடிட்டுச் சொல்லுவோம்" என்று துண்டை எடுத்தான்.

வாரம் முழுவதும் சிவாவை நடத்துவோம், ஞாயிற்றுக்கிழமை சொல்வோம். காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிக் கொடுத்தான் என்றால், "சின்னதுலயும் அப்பிடித்தான், ஊராட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வருவான்" என்பார். பனிமலைப் பக்கம் மட்டும் மறுபடி கூட்டிப்போகாதே என்பார். கோட்டை தூரத்தில் தெரிந்தால் நாங்கள் சிவாவைத் திருப்பிவிடுவோம். ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு உப்பு மூட்டை சுமக்க வைப்போம். முடித்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காதே.

பிறகு ஒருநாள் சிவாவின் தாய்மாமா பேசினார். "தம்பி, நீங்க நல்லதுக்குத்தான் பண்றீக. ஆனா அக்கா மில்லுக்குப் போறத விட்டுட்டாக. அவன் மறுபடி பனிக்குப் போனா வேணும்னு இந்த வெயில்ல சொட்டரு பின்னிக்கிட்டு இருக்காக. சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு போடுறாக. போதும் தம்பி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனை நான்தான் எடுத்தேன்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா."

அருப்புக்கோட்டையில் யாரோ குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"செயிச்சானா?"

"ஜெயிச்சுட்டான்ம்மா."

"காயம் கீயம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சரிய்யா" என்றார். "நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க." அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் தாய்மாமாதான் எடுத்தார். அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

ஹவுசிங் போர்டு வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது உயரமாக ஒரு துணிக்கடை நிற்கிறது. கம்பெனி பஸ் இல்லை, அவரவர் காரில் அவரவர் தனியாகப் போகிறோம். கோட்டி நடைபாதையில் ஆட்ட சிடி விற்பவர்களைக் காணோம். கோட்டைக்குள் என்ன இருந்தது என்று நான் இதுவரை தேடிப் பார்க்கவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே ஆட்டத்துச் சிவாவும் போய்விட்டிருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னதற்கு அடுத்த கோடையில், மறுபடி துண்டு போட்டு மூடியிருந்த கணினியை வெங்கட் இயக்கியபோது உள்ளே கடகடவென்று சத்தம் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் அதைத் தன் இயந்திரத்தில் பொருத்தி, காதருகே வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்தம் போயிந்தி சார். ஏமைனா முக்யமைனதி உந்தா?"

எல்லாம் போய்விட்டது, முக்கியமானது ஏதாவது இருந்ததா என்று கேட்கிறார். வெங்கட் டிஸ்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போனான்.