கார்டு சவரி

கோயில் ஆண்டு மலருக்கு என் அண்ணன் சவரிநாதனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பால்வாடி டீச்சர், பதிவேடு எழுதிப் பழகின கை என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். நல்லவிதமாக எழுத எனக்கு வராது. நடந்ததைத்தான் எழுதுவேன். போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் அண்ணனிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேன். ஒலக்கூர் பக்கம் வேலை, திண்டிவனத்தில் வீடு. 1993இல் விழுப்புரத்தில் ரிட்டையர் ஆன ஒரு ரயில்வேக்காரரிடம் பழைய ராஜ்தூத் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றோடு அவர் மனுஷனாக இருப்பதை நிறுத்திக்கொண்டார் என்பது அண்ணியின் கட்சி. பொண்டாட்டி நாலு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் வரும். வண்டி லேசாக முனகினால் போதும், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். பக்கப்பெட்டியில் ஸ்பேர் பிளக், கிளட்ச் கேபிள், செயின் லிங்க், பெட்ரோலில் கலக்க ஆயில் பாட்டில் எல்லாம் எப்போதும் இருக்கும். மழை வந்தால் கம்பத்தில் ஏறப் போடும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஓட்டுவார். தூரத்தில் பார்த்தால் பியூஸ் பிடுங்க வருகிற மாதிரியே இருக்கும்.

முதலில் அண்ணனும் கோயிலில் வண்டி வைத்திருந்த சிலரும் சேர்ந்து இரும்பை, பெருமுக்கல், செஞ்சி என்று பக்கத்திலேயே சுற்றினார்கள். அடுத்த வருஷம் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் புறப்பட்டு சாயந்திரம் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. பன்னிரண்டு வண்டியில் ஆரம்பித்தது வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. சக்கரபாணி மாதிரி மாதாவுக்கு நேர்ந்துகொண்ட இந்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோயில் வாசலில் சாமியார் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். ஒவ்வொரு வண்டியின் வலது கைப்பிடியிலும் ஒரு நீல ரிப்பன் கட்டுவார்கள். டீ குடிக்க எங்கே நின்றாலும் புறப்படுவதற்கு முன்னால் அண்ணன் வரிசையாக நடந்து ஒவ்வொரு ரிப்பனையும் விரலால் தொட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஒரு விசில். குறைந்தால் விசில் கிடையாது, எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவர்தான்.

ரிப்பனை வெட்டித் தருவது என் வீட்டுக்காரர். லூர்து பிரகாஷ் என்று பெயர், மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை. அவரும் போவார், ஆனால் டிவிஎஸ் பிப்டியில். அத்தனை மோட்டார் சைக்கிளுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு எப்படிப் போவீர்கள் என்று கேட்டால், பின்னாடியே போவேன் என்பார். பின்னாடியே போவதோடு விட்டால் பரவாயில்லை. குளத்தைப் பார்த்தால் நிற்பார், பீடி பற்றவைக்க நிற்பார், எவனாவது மீன் பிடித்தால் அதைப் பார்க்க நிற்பார். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம், கால் மணி நேரம் எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். தள்ளிக்கினு வந்தா இன்னும் சீக்கிரம் வந்துடுவ மாப்ள என்று அண்ணன் கிண்டல் பண்ணுவார். இவர் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

1998இல் காரைக்கால் தாண்டி என் வீட்டுக்காரர் வண்டி பஞ்சர். ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கொடி ஏறி முடிந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள், என்னய்யா திண்டிவனம், அடுத்த வருஷக் கொடிக்கா வந்தீங்க என்று கேட்டார்களாம். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. திரும்பி வந்து ஒரு மாசம் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

1999இல் இருபத்து மூன்று வண்டி. எங்கள் மகள் கிளாராவுக்கு அப்போது நாலு வயசு. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்று கையாட்டினேன். இந்தத் தடவையாவது எங்கேயும் நிற்காமல் போங்க என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கடலூர் தாண்டி புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் கேப்பைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் தானியம் உதிரும் என்று போடுவதுதான். முன்னால் போனவர்கள் ஓரம் ஒதுங்கிப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தனியாக வந்து அதில் சறுக்கி, மதகு ஓரம் பள்ளத்தில் புதருக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அப்போது மணி பத்து இருக்கும். ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி பார்த்தபோது பன்னிரண்டரை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் இதையெல்லாம் ஏன் சொல்கிறார்களோ.

சிதம்பரத்து டீக்கடையில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். அங்கே வேறு ஊர்க்காரர்களும் நீல ரிப்பனோடு நின்றிருந்தார்கள். மொபெட்டுகள்கூட இரண்டு மூன்று நின்றன. அந்தக் கூட்டத்தில் அண்ணன் அவர்கள் ரிப்பன் ஒன்றையும் சேர்த்து எண்ணிவிட்டார். இருபத்து மூன்று என்று நினைத்து விசில் ஊதிவிட்டார். காரைக்காலில் எண்ணும்போதுதான் ஒன்று குறைகிறது என்று தெரிந்து, தனியாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வந்தபோது என் வீட்டுக்காரரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நான் அழவில்லை. அழட்டும், அழ வையுங்கள் என்று பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படித்தான் இருந்தேன். பதினாறாம் நாள் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்தேன். கை பாட்டுக்குப் பிடித்தது.

அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். இருபத்து மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாத மனுஷனோடு எனக்கு என்ன பேச்சு? எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் கிளாரா தண்ணீர் கொடுப்பாள், நான் கொடுக்க மாட்டேன். அவர் அதைக் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒவ்வொரு செப்டம்பரிலும் வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிவந்து என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். நான் அதைத் திறக்காமல் பரணில் போடுவேன்.

அவர் போவதை நிறுத்தவில்லை. அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். அடுத்த வருஷமே போனார், ஆனால் முன்னால் போகும் பொறுப்பையும் விசிலையும் சக்கரபாணியிடம் கொடுத்துவிட்டார். தனக்குக் கடைசி வண்டி என்றார். கடைசி வண்டி யாரையும் தாண்டிப் போகக் கூடாது. எவன் நின்றாலும் தானும் நிற்க வேண்டும். விழுப்புரம் ஜங்ஷன் பார்த்து வளர்ந்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு நிற்பாரே, அதை வைத்துக் கார்டு சவரி என்று பெயர் வைத்தார்கள். ராஜ்தூத்தை விற்று ஸ்பிளெண்டர் வாங்கின பிறகும் கார்டுதான். 2007இல் ஹெல்மெட் சட்டம் வந்தபோது திண்டிவனத்தில் ஒரு பேரணி நடந்தது. எட்டு வருஷமாகவே ஹெல்மெட் போடுகிறவர் என்று அவரை முதல் வரிசையில் வரச் சொன்னார்கள். பேப்பரில் படம் வந்தது. முதல் வரிசையில் அவர் இல்லை. படத்தின் ஓரத்தில், எல்லாருக்கும் பின்னால், பாதி சக்கரமும் ஒரு முழங்காலும் தெரிந்தன. அது அவர்தான் என்று கிளாரா கண்டுபிடித்துக் காட்டினாள். நான் அந்தப் பேப்பரில் பச்சை மிளகாய் மடித்து வைத்தேன்.

2014இல் கிளாராவுக்குப் பத்தொன்பது வயசு. விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த ஆகஸ்டில், நானும் வேளாங்கண்ணிக்கு வண்டியில் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா போன ரோட்டைப் பார்க்க வேண்டுமாம். பெற்றவள் எனக்கு ஒன்றே ஒன்றுதான், அதையும் அந்த ரோட்டுக்கு அனுப்ப வேண்டுமா? மூன்று நாள் யோசித்தேன். அடைத்து வைத்தால் சொல்லாமல் போய்விடுவாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. கடைசியில் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தேன்.

"கிளாரா வர்றா. உன்ன நம்பித்தான் அனுப்பறேன். இந்த வாட்டியாவது சரியா எண்ணு."

அண்ணன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்கும் சரியாத்தான் எண்ணனேன், அமலு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"இருவத்தி ரெண்டுதான் இருந்துச்சு. ரெண்டு தடவ எண்ணனேன். யாரு வரலன்னும் தெரியும். எப்பவும் போல எங்கியாவது நின்னுக்கினு இருப்பான், வந்துடுவான்னு நெனச்சேன். காத்துக்கினு இருந்தா இந்த வருஷமும் கொடி போயிடுமேன்னு விசில் ஊதிட்டேன்."

ரிப்பன் மாறிப்போனது என்றார்களே என்று கேட்டேன். அது மற்றவர்களாகச் சொன்னது, நான் அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும். கையில் கரண்டி இருந்தது, வீசியிருக்கலாம். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, போய் அணைத்துவிட்டு வந்தேன். பதினைந்து வருஷமும் தப்பான காரணத்துக்காக அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது. இப்போது இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன். எண்ணத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பினால் பரவாயில்லை, என்னை நல்லவன் என்று நினைத்து அனுப்பக் கூடாது என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். நான் சொன்னேன்:

"அவ வரட்டும். நான் உன் பின்னால உக்காந்து வர்றேன். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டா."

முப்பத்தொரு வண்டி. கிளாரா நடுவில், நாங்கள் கடைசி. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. புதுச்சேரி, கடலூர் எல்லாம் வந்தது, போனது. புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கு முன்னே போன பூமாலை, பெருமுக்கல்லிலிருந்து வந்த காய்கறிக்காரர், டிவிஎஸ்ஸை ஓரம் கட்டினார். பிளக்கில் கரி. முன்னால் போனவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் இறங்கிப் பிளக்கைக் கழற்றினார், தேய்த்தார், மாட்டினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் கழற்றிப் புதுசு போட்டார். நான் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு நிமிஷம் ஆனது.

கொஞ்ச தூரம் போனதும், எந்த இடம் என்று கேட்டேன். அண்ணன் வேகத்தைக் குறைத்து மோவாயால் காட்டினார். ஒரு மதகு. வெள்ளை அடித்திருந்தார்கள். அங்கே வேறு ஒன்றும் இல்லை.

சிதம்பரத்து டீக்கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யாரும் கோபமாக இல்லை. கோபப்பட அவர்களுக்கு நேரமே இல்லை. பாதிப் பேருக்கு இன்னும் டீயே வரவில்லை. பூமாலை மெதுவாகப் போய் வரிசையில் நின்றுகொண்டார், அவருக்கும் ஒரு கிளாஸ் வந்தது. சக்கரபாணி விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு யாரிடமோ பன்னுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். காத்திருப்பது என்றால் இவ்வளவுதான். நான் என்னவோ பெரிசாக நினைத்திருந்தேன்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பதினோரு நிமிஷம்தாண்ணா ஆச்சு," என்றேன்.

"தெரியும்," என்றார். அவர் கையில் கட்டியிருந்த வாட்சை அப்போதுதான் பார்த்தேன். "வருஷா வருஷம் யாராவது ஒருத்தன் நிப்பான். நான் மணி பாத்துக்கினுதான் இருக்கேன். இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவகூட கொடியேத்தத்த வுடல, அமலு."

கிளாரா இரண்டு டீ கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். சூடாக இருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.